ஜிம்முக்குப் போனால் ‘லிவர் டெஸ்ட்’ எகிறுமா?

கேள்வி: வயது 38, வேளச்சேரி. குடிப்பழக்கம் கிடையாது. பத்து நாள் முன்பு ஜிம்மில் சேர்ந்தேன். ஆபீஸில் எடுத்த மாஸ்டர் செக்கப்பின் ஈரல் பரிசோதனையில் (எல்.எஃப்.டி.) இரண்டு நொதிகள் (என்சைம்) அதிகம்: எஸ்.ஜி.ஓ.டி. 132, எஸ்.ஜி.பி.டி. 61. அதே டெஸ்டில் வரும் பிலிருபின், ஏ.எல்.பி., ஜி.ஜி.டி., ஆல்புமின் எல்லாம் நார்மல். ‘ஓ.டி. இரண்டு மடங்கு என்றால் குடிதான்’ என்கிறார் மச்சான். வீட்டில் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அம்மா கீழாநெல்லி அரைக்க ஆரம்பித்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: மச்சான் சொன்னது பாதி சரி. மதுவால் கெட்ட ஈரலில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யை விட இரண்டு மடங்குக்கு மேல் போவது உண்டு. ஆனால் நொதி ஈரலிலிருந்துதான் கசிந்தது என்று தெரிந்த பிறகு போட வேண்டிய கணக்கு அது.

எஸ்.ஜி.ஓ.டி. ஈரலுக்கு மட்டும் சொந்தமில்லை. இதயம், கை கால் தசை, சிவப்பணு என்று பல இடங்களில் இருக்கிறது. 1950களில் மாரடைப்பைக் கண்டுபிடிக்கவே இதைத்தான் பார்த்தார்கள். இன்று அந்த வேலைக்கு ட்ரோபோனின் என்ற புரதம் வந்துவிட்டது. எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் ஈரல், தசையிலும் கொஞ்சம் உண்டு. பழக்கமில்லாத உடம்பு திடீரென்று வெயிட் தூக்கும்போது தசைநார்கள் நுண்ணிய அளவில் சிதைந்து, உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கலக்கும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்குமே, அதே சமாச்சாரம்தான். அந்த ஏற்றம் ஒரு வாரம்கூட நீடிக்கலாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் எனக்குப் பிடித்த எண் ஜி.ஜி.டி. அதுவும் ஒரு நொதிதான், ஆனால் தசையில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தொடர்ந்து குடிப்பவர்களில் பலருக்கு ஏறி நிற்கும். உங்களுக்கு நார்மல். குடிக்கவில்லை என்பதற்கு அது மட்டுமே சாட்சி ஆகாது என்றாலும், உங்கள் பக்கம்தான் பேசுகிறது. ஆல்புமினை வைத்து அதிகம் நிம்மதி அடைய வேண்டாம். ஈரல் தயாரிக்கும் புரதம் அது. ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் இருபது நாள் பிடிக்கும். போன வாரம் ஈரலுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் இப்போது அதில் தெரியாது.

இன்னொரு சந்தேகமும் பார்த்துவிடலாம். உங்கள் ரத்தம் பிடித்த டியூபை லேப் மெஷினில் சுழலவிட்டால் மேலே தெளிந்து நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால் ரோஸ்மில்க் நிறத்தில் வரும், எஸ்.ஜி.ஓ.டி.யும் பொட்டாசியமும் பொய்யாக ஏறும். ரிப்போர்ட்டின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ (சிவப்பணு உடைந்தது) என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: டாக்டரிடம் ஜிம் விஷயத்தைச் சொல்லி சி.கே. டெஸ்ட் எழுதி வாங்குங்கள் (சில லேப்களில் சி.பி.கே. என்பார்கள்). இது தசையின் நொதி. மிக அதிகமாக இருந்தால் விஷயம் தசையோடு முடிகிறது. பிறகு ஒன்றிரண்டு வாரம் ஜிம்முக்கு லீவு விட்டு, எல்.எஃப்.டி.யும் சி.கே.யும் சேர்த்து மறுபடி பாருங்கள். அதற்கு முன் தசையில் ஊசி போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், அதுவும் சி.கே.யை ஏற்றும். எஸ்.ஜி.ஓ.டி. சீக்கிரம் இறங்கும், எஸ்.ஜி.பி.டி. மெதுவாக இறங்கும், இரண்டாம் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. அதிகமாகவும் எஸ்.ஜி.ஓ.டி. குறைவாகவும் மாறியிருந்தால் பதறாதீர்கள்.

சி.கே. நார்மலாக இருந்து எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் மட்டும் ஏறியே இருந்தால் ஈரல் கொழுப்பு, ஹெபடைடிஸ் பி, சி, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள், ஜிம்மில் கொடுத்த பவுடர் என்று தேட வேண்டும். கீழாநெல்லியை அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். எண் தானாக இறங்கினாலும் பெயர் அதற்குத்தான் போகும். காரணம் தெரியாமலே போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. தசைவலி தாங்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் லேப்புக்குப் போகாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போங்கள். உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.