ஜவுளிக்கடை வேலை, தீராத பாட்டில் தண்ணீர், ஓயாத நீர்க்கடுப்பு

கேள்வி: எனக்கு வயது 31. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வெளியே வருவேன். கழிப்பறை நான்காவது மாடியில். கூட்ட நேரத்தில் கவுன்டரை விட்டு நகர முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். கொண்டுபோகும் ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மூன்று முறையும் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். மலச்சிக்கலும் சாயங்காலத் தலைவலியும் இருக்கின்றன. தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டுமா? பார்லித் தண்ணீர், ஓஆர்எஸ் தினமும் குடிக்கலாமா?

பதில்: 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கழிப்பறைக்குப் போக வழியில்லாதவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி எப்போது, எவ்வளவு குடிப்பது என்று வகுத்துக்கொண்டால்தான் இது நடக்கும்.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். 150, 200 மில்லி சேரும்போதே போகவேண்டும் என்ற முதல் உணர்வு வந்துவிடும். அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுவதால் கெடுதல் இல்லை. ஆறேழு மணி நேரம் அடக்குவதுதான் சிக்கல். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாயின் நீளமே சுமார் 4 சென்டிமீட்டர்தான். குடலில் குடியிருக்கும் ஈ.கோலை கிருமி அதன் வழியே சுலபமாக மேலே ஏறிவிடும். ஏறிய கிருமியை ஒட்டிக்கொள்ள விடாமல் அடித்துக்கொண்டு போவது சிறுநீரின் ஓட்டம். குடிப்பதையும் குறைத்து, வருவதையும் அடக்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது; தேங்கியதில் கிருமி பெருகுகிறது.

2018-இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற, மாதவிலக்கு நிற்காத 140 பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் தினமும் 1.5 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது. பழையபடியே இருந்தவர்களுக்கு 3.2 முறை. மாத்திரை இல்லாமலே கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கிறது.

எட்டு டம்ளர் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு வீட்டு டம்ளர் 150 மில்லி, இன்னொரு வீட்டு டம்ளர் 300 மில்லி. தவிர, உடலுக்கு வேண்டிய நீரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாப்பாட்டிலிருந்தே கிடைக்கிறது. வெந்த சாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். மோர், ரசம், டீ எல்லாமே கணக்கில் சேரும். டீ குடித்தால் உடம்பில் இருக்கிற நீரும் போய்விடும் என்பது மிகை. தொற்று இருக்கும் நாட்களில் மட்டும் டீயும் காபியும் எரிச்சலைக் கூட்டும், அப்போது தவிருங்கள். எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டே கால் முதல் இரண்டரை லிட்டர் உங்கள் இலக்காக இருக்கட்டும். வெயில் காலத்தில் பஸ்ஸில் வியர்த்து வந்தால் இன்னும் அரை லிட்டர்.

காலை எழுந்ததும் 300 மில்லி, டிபனோடு 250 மில்லி குடியுங்கள். கடைக்குள் நுழையுமுன், போகத் தோன்றாவிட்டாலும் ஒருமுறை சிறுநீர் கழித்துவிடுங்கள். காலையில் குடித்ததில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் 200 மில்லி வீதம். பன்னிரண்டு மணிக்குக் கழிப்பறை. மதியச் சாப்பாட்டில் 300 மில்லி தண்ணீர், ஒரு டம்ளர் மோர். எழுந்ததும் மறுபடி கழிப்பறை. மூன்றரைக்கு 200 மில்லி, நாலரைக்கு டீ, ஐந்து மணிக்குக் கழிப்பறை. ஆறு மணிக்கு 200 மில்லி, கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை. இரவுச் சாப்பாட்டோடு 300 மில்லி. அதற்குப் பிறகு தாகத்துக்கு மட்டும் போதும், தூக்கம் கெடாது. கூட்டிப் பார்த்தால் இரண்டே கால் லிட்டரைத் தொடும். கடைக்குள் இருக்கும்போது ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிக்காதீர்கள். மூளை உடனே 'தண்ணீர் மிகுதி' என்று எடுத்துக்கொண்டு, நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைக் குறைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஓடவேண்டியிருக்கும். சிறுகச் சிறுகக் குடித்தால் அந்த அவசரம் வராது. முதல் வாரம் எப்படியும் கூடுதலாகப் போகத்தான் வேண்டியிருக்கும். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள், பழகிவிடும்.

ஏசி கடையில் தாகத்தை மட்டும் நம்பாதீர்கள். குளிரில் தாகம் மந்தமாகிவிடும். வாரவிடுமுறையன்று ஒரு சோதனை செய்யலாம். காலை முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதற்குப்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை முழுவதையும் அளவு போட்ட ஒரு பழைய மக்கில் பிடித்து அளந்து குறித்துக்கொண்டே வாருங்கள். கடைக்குப் போகும் நாளில் குடிக்கிற அளவே அன்றும் குடிக்கவேண்டும். மொத்தம் ஒரு லிட்டருக்குக் கீழே என்றால் நிச்சயம் போதவில்லை. ஒன்றரை, இரண்டு லிட்டர் என்றால் நல்லது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வேண்டும். நிறத்தைப் பார்ப்பதும் உதவும்: வெளிர் மஞ்சள் போதும், தண்ணீர் போல நிறமற்று இருக்கவேண்டியதில்லை. காலை முதல் சிறுநீர் எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் பளிச்சென்று மஞ்சளாகும். அதையெல்லாம் கணக்கில் எடுக்காதீர்கள்.

மூன்று முறை வந்தது மூன்றும் தொற்றுதானா என்பது எனக்குச் சந்தேகமே. சிறுநீர் அடர்த்தியானாலே எரியும். அது நாலைந்து டம்ளர் தண்ணீரில் அன்றைக்கே அடங்கிவிடும். தொற்று அப்படி அடங்காது. சொட்டுச்சொட்டாக அடிக்கடி போகத் தோன்றும், கலங்கலாக இருக்கும், அடிவயிறு வலிக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் போட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. அடுத்த முறை மாத்திரைக்கு முன்பே யூரின் ரொட்டீன் (பொதுவான சிறுநீர்ப் பரிசோதனை), யூரின் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரண்டுக்கும் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் கொடுக்கும் டப்பாவில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடவேண்டும். சோதனைக்குச் சற்று முன்னால் லிட்டர் கணக்கில் குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் முடிவு குழம்பும். ஆண்டுக்கு மூன்று முறை வருவதால் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கல் இருக்கிறதா என்று ஒரு வயிற்று ஸ்கேனும் நல்லது.

பார்லித் தண்ணீரில் கெடுதல் ஏதுமில்லை. அதனால் வருகிற நன்மையில் பெரும்பங்கு அதிலுள்ள தண்ணீருக்குச் சேரும். ஓஆர்எஸ் தினமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு இருக்கிறது; ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே நிறுவனம் சொல்லும் 5 கிராமில் பாதி இதிலேயே போய்விடும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயிலில் மணிக்கணக்கில் வியர்த்தல் இவற்றுக்குத்தான் அது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து 24 மணி நேரத்துக்குள் குடித்துவிடவேண்டும். உப்பைக் கூடுதலாகப் போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு, அது ஆபத்து.

காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு லிட்டரை ஒரே தடவையில் குடிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பவேண்டாம். ஆரோக்கியமான சிறுநீரகமே மணிக்கு 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். நான் மேலே சொன்ன அளவுகள் உங்களுக்கு. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரும் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

கழிப்பறை அசுத்தமாக இருக்கிறது என்று வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி போவது பல பெண்களின் பழக்கம். அப்படி நின்றால் தசைகள் தளராது, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. துடைத்துவிட்டு உட்காருங்கள், இந்திய முறைக் கழிப்பறை இருந்தால் அதுவே மேல். கழுவும்போது முன்னிருந்து பின்னாக. தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிட்டுத் தூங்குங்கள். தண்ணீர் கூடினால் மலச்சிக்கலும் ஓரளவு குறையும், கூடவே கீரையும் பழமும் வேண்டும். தலைவலி இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் காரணம் வேறு. ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பாருங்கள்.

கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் உட்கார நாற்காலி இருந்தும் கழிப்பறைக்குப் போக முடியவில்லை என்றால் அரைகுறைதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன்பே, கவுன்டரில் இருக்கும் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பத்து நிமிடம் போய்வர முறை வைத்துக்கொண்டு, மேற்பார்வையாளரிடம் ஒன்றாகப் போய்ச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் எழுதி வாங்குங்கள், தயங்காமல் தருவார்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் எரிச்சல் லேசாக இருந்தாலும் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், கர்ப்பத்தில் கொடுக்கிற மருந்தே வேறு.