சமையல் சந்தேகங்கள்: உருண்டை ஏன் உடைகிறது?

கேள்வி: அமெரிக்க முறையில் கிரேப் ஜெல்லி, சில்லி சாஸ் சேர்த்து ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம்) மீட்பால், அதாவது கறி உருண்டை, செய்தேன். உருண்டை உடைந்தது, சாஸ் நீர்த்தது, காரமோ தாங்கவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் காரம். அங்கே சில்லி சாஸ் என்பது தக்காளியில் செய்யும், காரம் அதிகம் இல்லாத சாஸ். நம் கடையில் கிடைக்கும் சிவப்பு சில்லி சாஸை அதே அளவு ஊற்றினால் வாய் எரியத்தான் செய்யும். அரைக் கிலோ கறிக்கு முக்கால் கப் தக்காளி கெச்சப், ஒரு மேசைக்கரண்டி வினிகர், கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள் போதும். கிரேப் ஜெல்லி அரை கப். அது இல்லையென்றால் மிக்ஸட் ஃப்ரூட் ஜாம் போடலாம். இனிப்பு தூக்கலாக இருந்தால் எலுமிச்சை பிழியுங்கள்.

உடைவதற்குக் காரணம், பச்சை உருண்டையை அப்படியே சாஸில் போடுவது. நைஸாக அரைத்த கொத்துக்கறியுடன் ஒரு முட்டை, அரை கப் பிரெட் தூள், முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து, அழுத்திப் பிசையாமல் கலந்து, எலுமிச்சை அளவில் பாதியாக உருட்டுங்கள். வெங்காயம் சேர்த்தால் பிழிந்து சேருங்கள். 200 டிகிரி அவனில் 15 நிமிடம், அல்லது வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்கும்வரை. வடியும் கொழுப்பைக் கொட்டிவிடுங்கள், சாஸில் மிதக்கும்.

பிறகு உருண்டைகளைச் சாஸோடு ஸ்லோ குக்கரில் போட்டு 'லோ'வில் 3 மணி நேரம். மூடிக்குள் ஆவி வெளியேறாது, அதனால் சாஸ் தானாகச் சுண்டாது. தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நீர்த்தே இருந்தால் கடைசி 20 நிமிடம் 'ஹை'யில் வைத்து, ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் புளிப்பில் வெகுநேரம் வெந்து மறுபடி இளகிவிடும்.