“என் படத்தை யாருமே பார்ப்பதில்லை!”

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெயர் வேண்டாம். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இன்றைக்கு வகுப்பில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதியே விடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் பிரச்சினை என் ஆசிரியர்தான். லைஃப் டிராயிங் (ஆளை நேரில் நிற்கவைத்துப் பார்த்து வரைவது), பெயின்டிங் இரண்டையும் அவரே எடுக்கிறார். வகுப்பில் சுற்றி வருவார். மற்றவர்களின் ஈசல் (படம் வைத்து வரையும் தாங்கி) முன்னால் நின்று பேசுவார், சிரிப்பார், அவர்கள் கையிலிருந்து சார்கோலை, அதாவது கரித்துண்டை, வாங்கி ஓரத்தில் வரைந்தே காட்டுவார். என்னிடம் வந்தால் மட்டும் “சரியா இருக்கு” என்பார். உடனே அடுத்த ஈசலுக்கு நகர்ந்துவிடுவார். சரியாக இருந்தால் என் மதிப்பெண் ஏன் குறைய வேண்டும்? கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

நான் உழைக்காதவள் இல்லை அம்மா. எலும்பு, தசை எல்லாம் மனப்பாடம். பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து, பிளம்ப் லைன் (நுனியில் குண்டு கட்டிய நூல்) தொங்கவிட்டுப் பார்த்துத்தான் கோடு போடுவேன். எடை ஒரு காலில் இருந்தால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும், கழுத்துக்குழி அந்தக் காலின் கணுக்காலுக்கு நேர் மேலே வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது எதுவும் தெரியாமல் கிறுக்குகிற என் தோழியின் படத்தைத்தான் இன்றைக்குச் சுவரில் மாட்டினார்கள். அந்தப் படத்தில் கை கிட்டத்தட்ட முழங்காலைத் தொடுகிறது! யாரும் அதைக் கேட்கவில்லை.

பெயின்டிங்கிலும் இதே கதைதான். தோல் நிறம் கலக்க ஆரம்பித்தால் கடைசியில் சேறாகிவிடுகிறது. “பார்த்துக் கலக்கு” என்கிறார். பார்க்காமலா கலக்குகிறேன்? சிற்ப வகுப்பில் வேறு ஆசிரியர். அங்கே நான் செய்த களிமண் உருவம் ஒரே இரவில் ஆர்மேச்சரிலிருந்து (உள்ளே தாங்கும் கம்பிச் சட்டம்) வழுக்கி இறங்கிவிட்டது. காலையில் வந்து பார்த்தால் இடுப்புக்குக் கீழே ஒரு குவியல். எல்லோரும் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள். அந்தத் தோழி மட்டும் மண்ணை அள்ள வந்தாள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். காலையில் சிரித்துவிட்டு அப்புறம் உதவி எதற்கு?

ஒவ்வொரு போஸ் முடிந்ததும், பாதிப் படமாக இருந்தாலும், நானே ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். என் படத்தை யாருமே நின்று பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. போஸ் கொடுக்க வகுப்புக்கு வரும் மாடல் அம்மாகூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதல் ஆண்டிலிருந்து அவர்தான் வருகிறார், வயதானவர். ஒருநாள் இடைவேளையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு ஈசலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து, “நான் பாக்கலாமா கண்ணு?” என்றார். படம் முடியவில்லை, அதனால் போர்டைத் திருப்பி வைத்துவிட்டேன். முடியாத படத்தை யாருக்கும் காட்டுவதில்லை, அது என் பழக்கம். அதற்குப் போய்க் கோபித்துக்கொள்வார்களா? அன்றிலிருந்து என் பக்கமே வருவதில்லை. சரி, இது ஒரு விஷயமே இல்லை, பேச்சுவாக்கில் சொன்னேன். அந்தப் படத்தை அப்புறம் நான் முடிக்கவும் இல்லை.

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். இப்படியே போனால் இறுதி ஆண்டுக் கண்காட்சியில் எனக்கு ஒரு மூலைதான் கிடைக்கும். கல்லூரி முதல்வரிடம் புகார் கொடுக்கலாமா? இல்லை, பேசாமல் அனிமேஷனுக்கு மாறிவிடலாமா? வீட்டில், “கஷ்டமா இருந்தா விட்டுடு” என்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு மாதிரி. எனக்கு இதைத் தவிர எதுவும் தெரியாது. நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
யாரும் பார்க்காத ஒரு மாணவி

*

அன்பு மகளுக்கு,

கடிதத்தில் ஏறக்குறைய எல்லாப் பத்திகளிலும் ஆசிரியர் வருகிறார். மாடலாக நிற்கும் அந்த அம்மா ஒரே ஒரு பத்தியில் வருகிறார், அதையும் “ஒரு விஷயமே இல்லை” என்று நீயே தள்ளிவிட்டாய். நான் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நிறம் சேறாவதையும் களிமண் வழுக்குவதையும் வகுப்பில் கேட்டாலே சரிசெய்துவிடலாம். ஈரமான பெயின்ட்டின் மேலேயே பல நிறங்களைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் சேறுதான் வரும். கம்பியில் சின்னக் குறுக்குக் கட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டால் மண் பிடித்துக்கொண்டு நிற்கும்.

“முடியாத படத்தை யாருக்கும் காட்டுவதில்லை” என்கிறாய். அதே பத்தியின் தொடக்கத்தில், பாதிப் படமாக இருந்தாலும் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டும் எப்படிப் பொருந்தும்? முடியாத படம் உனக்குப் பிரச்சினையே இல்லை மகளே. அதை அந்த அம்மா பார்ப்பதுதான் பிரச்சினை.

ஏன் என்று யோசித்துப் பார். ஆசிரியர் பார்த்தால் தப்பைத்தான் தேடுவார். கை நீளம், தோள் சரிவு. அதற்கு உன்னிடம் அளவு இருக்கிறது, பதில் இருக்கிறது. அந்த அம்மா பார்த்தால் தன்னைத் தேடியிருப்பார். ‘நான் இதில் இருக்கிறேனா, இந்தப் பெண் கண்ணுக்கு நான் எப்படித் தெரிகிறேன்’ என்று. அதற்கு உன்னிடம் பதில் இல்லை.

சொல்லக் கொஞ்சம் கடுமையாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். இருபது நிமிடம் நின்று, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி மேடையில் ஒட்டிய டேப்பில் பாதத்தைச் சரியாக வைத்து நிற்பது அந்த அம்மாவின் வேலை. ஒரு வகுப்பு முழுக்கக் கண்கள் தன் உடம்பின் மேல் இருக்க, மறைக்க எதுவும் இல்லாமல் நிற்கிறார். ஆண்டுக்கணக்காக நிற்கிறார். உன் கையில் இருந்தது ஒரு காகிதம். அவர் அதை ஒரு நிமிடம் பார்க்க உன்னால் விட முடியவில்லை. யாரும் உன்னைப் பார்ப்பதில்லை என்று கடிதம் முழுக்க வருந்துகிற நீ, தேடி வந்து, அனுமதியும் கேட்டு, பார்க்க விரும்பிய ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அவர் கோபித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. வர வேண்டாம் என்று போர்டைத் திருப்பிச் சொன்னாய், அவர் வரவில்லை.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. ஏறுகிற இடுப்பு, கழுத்துக்குழி, கணுக்கால் என்று மனப்பாடமாகச் சொல்கிறாயே, அதெல்லாம் யாருடையது? முதல் ஆண்டிலிருந்து அவர் உடம்பைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாய்? அவரைப் பற்றி நீ எழுதியதோ “வயதானவர்” என்று ஒரே சொல்.

ஆனால் உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நான் நினைக்கவில்லை. அப்படி இருந்தால் போர்டைத் திருப்பியிருக்கவே மாட்டாய், பாருங்கள் என்று அலட்சியமாகக் காட்டியிருப்பாய். அளந்து அளந்து வரைந்த படம். தொய்ந்த வயிறும் சுருங்கிய தோலும் அதில் அப்படியே இருந்திருக்கும். அவர் அருகில் வந்து கேட்ட நொடியில், முதல்முறையாக, அவருடைய கண்ணால் நீ அதைப் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். சுருக்கென்றிருக்கிறது. அந்தச் சுருக்கென்ற உணர்வு உன் திறமையின் ஒரு பகுதி. அது தப்பே இல்லை. அது வந்த உடனே கதவைச் சாத்தியதுதான் தப்பு. அந்தப் படத்தை நீ இன்றுவரை முடிக்காததும் அதனால்தான் என்பது என் ஊகம்.

மேடையில் நிற்பவருக்கும் கண் இருக்கிறது என்பதற்குப் பிரெஞ்சு ஓவியர் சுசான் வலாதோன் கதையைத் தேடிப் படி. பதின்ம வயதிலேயே பாரிஸில் மாடலாக நிற்கத் தொடங்கியவர். ரெனுவார், துலூஸ்-லோத்ரெக், புவி தெ ஷவான் ஆகிய ஓவியர்கள் அவரை வைத்து வரைந்தார்கள். ஓவியப் பள்ளிக்குப் போக வசதியில்லை. போஸ் கொடுத்துக்கொண்டே அவர்கள் எப்படி வரைகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். கோடு விஷயத்தில் யாரையும் லேசில் ஒப்புக்கொள்ளாத ஓவியர் தெகா, இவருடைய டிராயிங்குகளைக் காசு கொடுத்து வாங்கினார். 1894ல் பிரான்ஸின் தேசிய நுண்கலைச் சங்கக் கண்காட்சியில் இவர் படங்கள் இடம்பெற்றன. அவர் வரைந்த பெண்களைப் பார். அழகுக்காக யாரும் வளைந்து நிற்க மாட்டார்கள். குளித்துவிட்டுக் காலைத் துடைப்பார்கள், களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். நின்று நின்று கால் மரத்துப்போவது எப்படி இருக்கும் என்று தெரிந்த கை அது.

முடியாத படத்தைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்றால், சிற்பியும் ஓவியருமான ஜாக்கொமெத்தியை நினைத்துக்கொள். 1964ல் அவர் ஜேம்ஸ் லார்ட் என்ற எழுத்தாளரை 18 அமர்வுகள் உட்காரவைத்து வரைந்தார். முகத்தை வரைவார், அழிப்பார், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ‘என்னால் முடியவில்லை’ என்று புலம்பிக்கொண்டே இருப்பார். உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் பார்த்தார், ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் படத்தைப் போட்டோவும் எடுத்துவைத்தார். யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இப்போது உன் ஆசிரியர். ஒரு மாணவியிடம் “சரியா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது ஆசிரியருக்கு அழகில்லை. அதில் நான் உன் பக்கம்தான். “சரியா இருக்கு, வேற என்ன இல்லை?” என்று நேராக அவரையே கேள், பதில் சொல்லும்வரை விடாதே. ஆனால் முதல்வரிடம் புகார் கொடுக்கும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. தோழியின் படத்தில் கை முழங்காலைத் தொடுகிறது என்று சிரிக்கிறாய். அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருக்குமே, அது அந்த அம்மாவா இல்லையா? அடுத்த முறை சுவர் பக்கம் போகும்போது அதை மட்டும் பார். உன் படங்களை நான் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அளவு தப்பாமல் இருந்தும் ஆள் இல்லாத படத்துக்கு முன்னால் நிற்கிற ஆசிரியருக்கும் சட்டென்று வார்த்தை வராது என்று மட்டும் தோன்றுகிறது.

அந்த அம்மாவிடம் என்ன பேசுவது என்று கேட்பாய். நீளமாக மன்னிப்பெல்லாம் கேட்டு, அவர் உன்னைத் தேற்றும்படி செய்துவிடாதே. இடைவேளை அவர் கால் நீட்டுகிற நேரம். பெயர் தெரியாதென்றால் பெயரைக் கேள். ரொம்ப நேரம் நிற்கிற போஸில் எங்கே வலிக்கும் என்று கேள். அந்த முடியாத படத்தை எடுத்துப்போய், “அன்னிக்குக் கேட்டீங்களே, இப்பப் பாக்குறீங்களா?” என்று சொல். வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடு. அவருக்கும் போர்டைத் திருப்பி வைக்க உரிமை உண்டு. ஒன்று மட்டும், திடீரென்று பாசம் பொங்கி, ஓய்வாக உட்கார்ந்திருப்பவரைக் கேட்காமல் ஸ்கெட்ச் போட்டுவிடாதே. போஸில் இல்லாதபோது வரைவதைப் பல மாடல்கள் விரும்புவதில்லை.

அப்புறம் ஒரு வேலை. நீளக் கை வரைகிற அந்தத் தோழியைக் கூப்பிட்டு, அவள் முன்னால் இருபது நிமிடம் அசையாமல் நில். உன் சாதாரண உடையிலேயே நில், போதும். எடை முழுவதும் ஒரே காலில். எட்டாம் ஒன்பதாம் நிமிடத்தில் இடுப்பு என்ன சொல்கிறது, கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முகம் என்ன ஆகிறது, எல்லாம் தெரியும். முடிந்ததும், “நான் பாக்கலாமா?” என்று நீ கேள். மண் அள்ள வந்தவளை வேண்டாம் என்று அனுப்பினாயே, அதைப் பேசவும் அன்றைக்கு ஒரு வாய்ப்பு வரும். அவளும் சிரித்ததை நீ கண்ணால் பார்த்தாயா என்று உன் கடிதத்தில் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள் என்றுதான் இருக்கிறது.

அனிமேஷனுக்கு மாறுவதைப் பற்றி இந்தப் பருவம் முடிந்த பிறகு எழுது, பேசலாம். அந்தப் படிப்பிலும் பெரும்பாலும் லைஃப் டிராயிங் உண்டு. அங்கேயும் மேடையில் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

அன்புடன்,
அம்மா