உலக வர்த்தக விதிகள் மட்டும் போதுமா?

"2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டன், வர்த்தக ஒப்பந்தம் இல்லாமலே அதோடு கணக்கை முடித்திருக்கலாம், உலக வர்த்தக அமைப்பின் விதிகளே போதும்" என்று விவாதப் போட்டியில் எதிரணி சொன்னால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. ஒரு காரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விதிகளின்படி பிரிட்டன் கார் ஒன்றியத்துக்குள் போக 10 சதவீதச் சுங்கவரி கட்ட வேண்டும். டிசம்பர் 24 அன்று எட்டிய ஒப்பந்தத்தால்தான், போதுமான பாகங்கள் பிரிட்டனிலோ ஒன்றியத்திலோ தயாரானவையாக இருந்தால், வரி இல்லை. அப்படியும் சுங்கப் படிவங்கள் வந்து சேர்ந்தன. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பேச்சுவார்த்தையை விட்டு எழுந்து போகத் தயாராக இருந்தால்தான் பேரத்தில் மதிப்பு என்பார்கள் எதிரணியினர். சரி, அது நியாயமான வாதம். ஆனால் போவேன் என்று சொல்வது வேறு, உண்மையிலேயே போய்விடுவது வேறு. உங்கள் வாதத்தை அங்கே வையுங்கள்.