கத்தார் முற்றுகை என்றால் என்ன? அது ஏன் நடந்தது?

2017 ஜூன் 5 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகியவை கத்தாருடன் உறவை முறித்து, அந்நாட்டுக்குத் தரை, கடல், வான் வழிகளை அடைத்தன. இதைத்தான் கத்தார் முற்றுகை என்கிறோம். கத்தாரின் ஒரே தரை எல்லை சவூதியுடன்தான். அது மூடியதும் கடைகளில் பால் தீர்ந்தது. துருக்கியும் ஈரானும் உணவு அனுப்பின.

பயங்கரவாதத்துக்குத் துணைபோகிறது என்பது குற்றச்சாட்டு. கத்தார் அதை மறுத்தது. கத்தாரின் செய்தித் தொலைக்காட்சியான அல் ஜசீராவை மூடு, சவூதியின் போட்டியாளரான ஈரானிடமிருந்து விலகு என்று 13 நிபந்தனைகள் வேறு வந்தன. எகிப்தில் தோன்றிய இஸ்லாமிய அரசியல் அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்குக் கத்தார் இடம் கொடுத்ததும் பழைய கோபம்.

ஆனால் இந்தப் பகையின் வேர் எரிவாயுவில் இருக்கிறது என்பேன். உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல் கத்தாருக்கும் ஈரானுக்கும் நடுவே கடலடியில் கிடக்கிறது. அந்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் விற்ற பணம் குவிந்ததும், கத்தார் சவூதியின் நிழலிலிருந்து வெளியே வந்தது. தனி வருமானம் வந்த தம்பி, அண்ணனுக்குப் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுக் கிணற்றுக்காகச் சுமுகமாக இருப்பதைப் போல.

2021 ஜனவரியில் சவூதியின் அல்-உலாவில் நடந்த வளைகுடா நாடுகளின் மாநாட்டில் முற்றுகை முடிந்தது. அல் ஜசீரா மூடப்படவில்லை.

இதை இஸ்லாமின் இரு பிரிவுகளான சன்னி–ஷியா இடையிலான சண்டை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது சரியல்ல: சவூதி, கத்தார் இரண்டின் ஆட்சியாளர்களும் சன்னிகள்தான், அதிலும் வஹாபி என்ற ஒரே கடும் சன்னி மரபினர்.