வாசகர் கேள்வி – பதில்: நாட்டார் பாடகியின் முதல் ஆண்டுகள்

கேள்வி: எனக்கு வயது 22. பெரியப்பா கரையில் நின்று வலையிழுக்கும் கரைவலைக்காரர். சிறுவயதில் மீனவர் தங்கும் வாடிக்குச் சோறு கொண்டுபோகும் போதெல்லாம் கேட்ட, வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களும், அம்மம்மாவின் தாலாட்டுகளும் எனக்கு மனப்பாடம். கோயில் திருவிழாவில் இரண்டு முறை பாடியதைக் கேட்டுவிட்டு, திருகோணமலை நகரிலுள்ள இசைக்குழு ஒன்று என்னை அழைக்கிறது. ஆனால், பத்துச் சினிமாப் பாடல்களுக்கு நடுவே ஒரேயொரு நாட்டார் பாடலுக்குத்தான் இடம் தருவார்களாம். அதையும் வேகமாகப் பாட வேண்டுமாம். நான் சேரலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: சேருங்கள், மகள். ஒலிவாங்கியின் முன் நிற்கவும், வாத்தியக்காரரின் கண்ணசைவைப் புரிந்துகொள்ளவும், சபை சோர்வதை உணரவும் அங்கே பழகலாம். திறந்த வெளியில் பாடிப் பழகிய குரல் உரத்து எழுவதால், ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவது என்பதை உங்கள் தொண்டை தீர்மானிக்கட்டும், கீபோட் வாசிப்பவர் தீர்மானிக்க வேண்டாம்.

ஆனால் பாட்டை நீங்கள் கற்க வேண்டிய இடம் அந்தக் குழு அன்று. உங்கள் பெரியப்பாவின் கரைதான். கரைவலை இழுக்கையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, வடம் பிடித்து நிற்பவர்கள் ‘ஏலேலோ’ என்று ஏற்றுப் பாடுவதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். முன்பாட்டுக்காரர் பாடும் நேரத்தில் கைகள் இளைப்பாறுகின்றன, கால்கள் மணலில் ஊன்றிக்கொள்கின்றன. ஏற்றுப் பாடும் நேரத்தில்தான் இழுவை நிகழ்கிறது. மீன் சேரும் வலையின் மடி கரையை அண்மிக்கும்போது அடிகள் குறுகி, பாட்டு தானாகவே விரைகிறது. ஆகவே அம்பாவின் வேகத்தை நிர்ணயிப்பது வலையின் பாரம். குழுவினர் வேகமாகப் பாடச் சொன்னால் மறுக்க வேண்டாம். மெதுவாகத் தொடங்கி, வலை ஏறுவதுபோல் படிப்படியாக விரைந்து முடிக்கலாம் என்று சொல்லிப் பாடிக் காட்டுங்கள். பாட்டுக்குள்ளேயே இருக்கும் வேகம் அவர்களுக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் சில ஆண்டுகள் முன்பாட்டுக்கு அவசரப்படாமல், ஏற்றுப் பாடுபவராக இருங்கள். கூத்துக் களரியில், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்குப் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடுபவருக்கு எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எந்த இடத்தில் விட்டுக் கொடுப்பது என்பது சொல்லாமலே பிடிபட்டுவிடும். வாடைக்காற்றுத் தணிந்து கடல் அடங்கிய பின் கரைக்குப் போய், வடத்தின் கடைசியிலாவது நின்று ஏற்றுப் பாடிப் பாருங்கள். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கும் கரைகளில் அம்பாவுக்கு வேலை இல்லாமற் போய்விட்டதால், இன்னும் கையால் இழுப்பவர்களைத் தேடிப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடலோடு மட்டும் நிற்கவும் வேண்டாம். மாடு கட்டி நெற்கதிர்ச் சூடு மிதித்த காலத்துப் பொலிப்பாட்டைத் தம்பலகாமத்து முதிய வயற்காரரிடமும், கோலாட்டம் போன்ற களிகம்பு ஆட்டத்தின் பாடல்களையும் நாட்டுக் கவிகளையும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்களிடமும் கேளுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனின் சினம் தணியப் பாடும் குளிர்த்திப் பாடலை மட்டும் வழிபாட்டுக்குரியதாக அங்கேயே விட்டுவிட்டு, நீங்களும் வழிபடுபவராக நின்று கேட்டு வாருங்கள்.

கேட்கப் போகும்போது கைத்தொலைபேசியை உடனே நீட்டிவிடாதீர்கள். இளமையில் நான் ஒலிப்பதிவுக் கருவியோடு உறவுக்கார ஆச்சி ஒருவரிடம் போயிருந்தேன். கதிரையில் உட்கார்ந்த ஆச்சி இரண்டு அடி பாடி, மூன்றாவது அடி வராமல் கலங்கிப் போனார். மனம் கேளாமல் எழுந்து, அடுப்படியில் கிடந்த சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினார். சுளகு நாலு முறை எழும்பித் தாழ்வதற்குள் மூன்றாவது அடி வந்தது. அதன் பின்னே ஏழெட்டு அடிகள், புடைத்த அரிசி தீரும்வரை வந்தன. அன்று முதல், பாடலை எழுதிக்கொள்ளும் கொப்பியில், பாடியவரின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் எழுதி வைக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: நாட்டார் பாடலுக்கு ட்ரம்ஸும் கீபோட்டும் சேர்ப்பது மரபைக் கெடுப்பதாகாதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: சேர்ப்பதால் மட்டும் கெட்டுவிடாது, எதைக் காப்பது என்று தெரியாமல் சேர்த்தால் கெடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு, விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார். நேரம் குறைந்தது, வட்டக்களரி போய் ஒருபக்க மேடை வந்தது. ஆனால் ஆட்டமும் பாட்டும் மத்தளமும் அண்ணாவிமாரிடம் கற்றவையாகவே இருந்தன. நாட்டார் பாடலில் நான் காக்கச் சொல்வது, ஊர் வழக்குச் சொற்களையும் ஏற்றுப் பாடும் குரல்களையும். ‘ஏலேலோ’வைக் கீபோட்டில் வாசித்துவிட்டு மனிதக் குரல்களை நீக்கிவிட்டால் அங்கே அம்பா இல்லை.

கேள்வி: முறையாகச் சங்கீதம் படிக்காத என் தங்கை நாட்டார் பாடகியாக வர முடியுமா? ‘மேடை தருகிறோமே, பணம் எதற்கு?’ என்கிறார்கள் நிகழ்ச்சி நடத்துபவர்கள்.
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: தமிழ்நாட்டின் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி கிராமத்தில் பாடிப் பழகி, வானொலியில் அறியப்பட்ட பின்பே 1985இல் வெளிவந்த ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்தார். சங்கீதப் படிப்பு இல்லாதது தடையன்று. சுருதி விலகுவது காதுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். இரவு நிகழ்ச்சி என்றால் போக்குவரத்துக்கும் வீடு திரும்பும் துணைக்கும் யார் பொறுப்பு, சன்மானம் எத்தனை ரூபா, ஒளிப்பதிவை யூடியூப்பில் யார் ஏற்றுவது என்பவற்றை நிகழ்ச்சிக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு; வணிக நோக்கில் ஒலித்தட்டு வெளியிட யாராவது அழைத்தால், கையொப்பமிடுமுன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் தங்கையின் பெயரைக் கொடுத்து வைத்தால், ஆண்டுதோறும் நடக்கும் கலாசார விழாவுக்கு அழைப்பு வரக்கூடும். அங்கே பாடும் நாளில், அந்தப் பாட்டைக் கற்றுக்கொடுத்தவரையும் கூட்டிச் சென்று முன்வரிசையில் அமர்த்தி, யாரிடம் கற்றேன் என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கட்டும்.