பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த அம்மாவுக்கு எந்தக் கையில் தடி கொடுப்பது? லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) படிகளில் நடக்கப் பழக்கலாமா?

நல்ல கையில்தான். வலப்பக்கம் விழுந்திருந்தால், அதாவது செயலிழந்திருந்தால், தடி இடக்கையில். இதைச் சொன்னதற்கு எங்கள் லயமே சிரித்தது. "நொண்டுகிற பக்கத்துக்குத்தானேடா ஊன்றுகோல்" என்றார் பெரியப்பா. நீங்கள் இப்படிக் கேட்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார்.

நான் வைத்தியன் அல்லன். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) காட்டித் தந்ததையும் நான் செய்த பிழையையும்தான் எழுதுகிறேன்.

அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தவர். 2022இல் ஒரு காலை, பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) புறப்படும்போது இஸ்தோப்பிலேயே (முன் திண்ணையிலேயே) சரிந்துவிட்டார். வலக்கை, வலக்கால் இரண்டும் போயின. வைத்தியசாலையிலிருந்து திரும்பிய முதல் வாரம், கட்டிலிலிருந்து எழுப்ப அந்த விழுந்த கையையே பிடித்து இழுத்தேன். தசை செயலிழந்த தோளுக்கு மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் வலு இருக்காது; இழுத்தால் நழுவிவிடும். நழுவியது. வலியில் ஒரு மாதம் நடைப் பயிற்சியே தள்ளிப்போனது. இயன்மருத்துவர் கேட்டபோது, "தூக்கத்தில் புரண்டுவிட்டேன்" என்று எனக்காக அம்மா பொய் சொன்னார். கையை இழுக்காதீர்கள். இடுப்பில் துணிப்பட்டி ஒன்றைக் கட்டி அதைப் பிடியுங்கள். விழுந்த பக்கத்தில், அரையடி பின்தள்ளி நில்லுங்கள்.

எடுத்த எடுப்பில் நடக்க வைக்கவும் வேண்டாம். வாங்கில் (பெஞ்சில்) உட்கார்ந்து எழுவதும், ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று விழுந்த காலுக்கும் பாரத்தை மாற்றுவதும்தான் முதலில். அம்மா முழுப் பாரத்தையும் நல்ல காலிலேயே போட்டுக்கொள்வார். பாதம் தொங்குவதால் நுனிவிரல் தரையில் இடறும். அதைத் தவிர்க்கக் காலை அரிவாள் வீசுவதுபோல வெளியே சுழற்றுவார். கணுக்காலுக்கு ஒரு தாங்கி தந்தார்கள். அதைச் சப்பாத்துக்குள்தான் போட வேண்டும். வீட்டுக்குள் சப்பாத்தா என்று அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. முன்னேற்றம் முதல் மூன்று நான்கு மாதங்களில் வேகமாகத் தெரியும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது.

தடியின் உயரம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரை. நுனியில் ரப்பர் கட்டாயம்.

படிகளில் பழக்கலாம், சமதரையில் தேறிய பிறகு. ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது தடியும் விழுந்த காலும் முதலில். எங்கள் லயத்திலிருந்து பாதைக்குப் பதினொரு கல்படிகள், பாசி பிடித்தவை, பிடிக்க ஒன்றுமில்லை. 2023இல், எங்கள் மக்கள் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடம் என்று 'மலையகம் 200' பதாகையை ஊரெல்லாம் கட்டினார்களே, அப்போது இருநூறு வருடத் துயரத்தை மேடையில் பேசிவிட்டு இறங்கிய ஒருவரிடம் கைப்பிடிக்கு ஓர் இரும்புக் குழாய் கேட்டேன். மனு எழுதித் தரச் சொன்னார். தந்தேன். படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் பக்கத்துக் காம்பரா (அறை வீட்டு) தம்பிமார்தான் பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை நட்டுத் தந்தார்கள். நட்ட பிறகுதான் தெரிந்தது: ஏறும்போது இடக்கைக்கு எட்டுகிற குழாய், இறங்கும்போது விழுந்த பக்கம் போய்விடுகிறது. அம்மா இன்றும் தனியாகப் பாதைக்கு ஏறுவார். இறங்க நான் கடையிலிருந்து வர வேண்டும். நீங்கள் நடுவதானால் இரண்டு பக்கமும் நடுங்கள்.